பேத்திக்குச் சக்களத்தி பெயர்

இந்த வருஷம் ஒரே ஒரு விஷயத்திலாவது வீட்டில் என் சொல் நிற்க வேண்டும் என்று சபதம் எடுத்தேன். எனக்கும் மைர்னாவுக்கும் கல்யாணமாகி நாற்பத்தோரு வருஷம். இதுவரைக்கும் என் சொல் நின்றது ஒரே தடவை. சர்ச்சில் போதகர் "சம்மதமா?" என்று கேட்டார். "சம்மதம்" என்றேன். அதற்கப்புறம் என்னை யாரும் எதுவும் கேட்கவில்லை.

சபதத்துக்குக் காரணம் என் பேத்தி. அவளுடைய நடுப்பெயர்.

நான் சிங்கி இறால் பிடிக்கிறவன். நோவா ஸ்கோஷியாவின் தென்கரையில் எங்கள் பிக்ஃபோர்ட் துறையில் ஆம்பளைகள் எல்லோருக்கும் அதுதான் தொழில். நான் படகை ஓட்டுவேன். ஊர் என்னை ஓட்டும்.

எங்கள் துறையில் படகுக்குப் பெண்டாட்டி பெயரையோ மகள் பெயரையோ வைப்பார்கள். முதல் பெயரும் நடுப்பெயரும் சேர்த்து. பக்கத்து வீட்டு நண்பன் பேசிலின் படகு, அவன் பெண்டாட்டி பெயரில், 'ஷெர்லி மே'. அதற்கு அந்தப் பக்கம் 'டோனா கிறிஸ்டீன்'. இந்தப் பக்கம் 'ஆட்ரி ஜாய்'. ஞாயிற்றுக்கிழமை துறையில் வந்து நின்று பார்த்தால் மாதர் சங்கக் கூட்டம் மாதிரி இருக்கும். எல்லோரும் வரிசையாக, உரசிக்கொண்டு, பேசாமல் ஆடிக்கொண்டிருப்பார்கள். நிஜ மாதர் சங்கத்தில் அந்தப் 'பேசாமல்' மட்டும் கிடையாது.

என் படகின் பெயர் 'கோரா லொரெய்ன்'.

என் பெண்டாட்டி பெயர் மைர்னா என்று முதலிலேயே சொல்லிவிட்டேன். இங்கேதான் வில்லங்கம்.

அந்தப் படகை முப்பது வருஷத்துக்கு முன்னால் வளைகுடாவுக்கு அந்தப் பக்கம் ஒரு கிழவரிடம் வாங்கினேன். பெயரோடுதான் வந்தது. படகின் பெயரை மாற்றினால் கடலுக்குக் கோபம் வரும். மாற்றினவன் கரை சேர மாட்டான். இது எங்கள் பக்கம் பால்குடிக் குழந்தைக்கும் தெரியும். மைர்னாவுக்கும் தெரியும். தெரிந்தும் கேட்டாள்.

"யாரு இந்த கோரா லொரெய்ன்?"

"தெரியாது. வித்தவரோட சம்சாரமா இருக்கும்."

"அவருக்குக் கல்யாணமே ஆகலையாமே?"

கிழவரிடமே போய்க் கேட்டேன். அவர் முகம் சிவந்து, கதவைச் சாத்திக்கொண்டார். அவ்வளவுதான், மைர்னாவுக்குப் போதும். அன்றிலிருந்து என் படகு அவளுக்குச் சக்களத்தி. காலையில் நான் கிளம்பினால், "என்ன, அவகிட்டப் போறியா?" சாயங்காலம் வந்தால், "விட்டுட்டாளா?" படகுக்கு நான் புதுப் பெயின்ட் அடித்த வருஷம் எங்கள் வீட்டுக்கும் பெயின்ட் அடிக்க வேண்டியதாயிற்று. அதே நிறம் அல்ல. அதைவிட ஒசத்தி நிறம்.

சரி, பேத்திக்கு வருகிறேன்.

என் மகள் ஜேனெலுக்கு இலையுதிர்காலத் தொடக்கத்தில் பெண் குழந்தை பிறந்தது. முயல்குட்டி மாதிரி ஒரு மூக்கு. என் கட்டைவிரலைப் பிடித்தால் விடவே மாட்டாள். ஜேனெல் சொன்னாள்:

"அப்பா, நாங்க கோரான்னு வெச்சிருக்கோம்."

மைர்னாவின் கையிலிருந்த தேநீர்க் கோப்பை தட்டில் இடித்தது.

"அந்தப் பேரு எங்கேயிருந்துடி கிடைச்சது உனக்கு?"

"சமையக்கட்டுல உன் வயர்லெஸ் இருக்கே, அதுலேர்ந்துதாம்மா. சின்ன வயசுல புயல் அடிக்கும்போது நீயும் நானும் அது பக்கத்துல உக்காந்திருப்போம். 'கோரா'ன்னு அதுல சத்தம் கேட்டா, அப்பா வர்றாருன்னு அர்த்தம். அப்பதான் நீ அடுப்புல சூப்பை ஏத்துவ. எனக்கு உலகத்துலயே நல்ல வார்த்தை அதுதான்."

மைர்னா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு மூக்கைத் துடைத்தாள். எங்கள் ஊரில் எல்லா மீனவன் வீட்டு அடுக்களையிலும் ஒரு வயர்லெஸ் உண்டு. ரொட்டி டப்பாவுக்குப் பக்கத்தில் நாள் முழுக்கக் கரகரத்துக்கொண்டிருக்கும். அதில் ஆள் பெயர் கிடையாது, படகின் பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுவோம்.

"நடுப்பேரை நீங்க ரெண்டு பேரும் சேர்ந்து வைங்க" என்றாள் ஜேனெல். "கோராவுக்குப் பொருந்தி வரணும். ரெண்டு பேரும் ஒரே பேரைச் சொல்லணும். நவம்பர் கடைசி ஞாயிறு ஞானஸ்நானம்."

நாங்கள் ரெண்டு பேரும் ஒரே பேரைச் சொல்வதா? எங்கள் நாய்க்கே இரண்டு பெயர்.

அன்று ராத்திரிச் சாப்பாட்டிலேயே ஆரம்பித்தது.

"கோரா மைர்னா" என்றாள் மைர்னா.

"ரெண்டு பேரும் 'ஆ'ல முடியுது. ரெண்டு படகை ஒரே கட்டையில கட்டின மாதிரி முட்டிக்கும்."

"அப்ப கோரா எடித். எங்க அத்தை பேரு."

"உங்க அத்தை செத்து இருபது வருஷமாச்சு. இன்னும் எனக்குப் பயம் போகல."

"நீயே ஒண்ணு சொல்லேன்."

நான் உருளைக்கிழங்கைப் பார்த்துக்கொண்டே மெல்லச் சொன்னேன். "கோராவுக்கு... லொரெய்ன் பொருந்தும்."

மைர்னா முள்கரண்டியைக் கீழே வைத்தாள்.

"பாதி உள்ள வந்தாச்சு. மீதியையும் கூட்டிட்டு வரப் பாக்குறியா, வெண்டெல் ஆர்ச்சிபால்ட்?"

இதை நான் சொல்லியாக வேண்டும். எங்கள் ஊரில் நடுப்பெயருக்கு ஒரே ஒரு வேலைதான். பெண்களுக்குக் கோபம் வந்தால் கூப்பிடுவது. கோபம் இல்லாதபோது அது டிரங்குப் பெட்டியில் தூங்கும். என் நடுப்பெயர் ஆர்ச்சிபால்ட் என்பது பக்கத்துத் துறைக்காரர்களுக்குக்கூடத் தெரியும். மைர்னாவின் குரல் அவ்வளவு தூரம் போகும்.

அதனால் பெயருக்கு மைர்னா வைத்த பரீட்சையும் கத்திப் பார்ப்பதுதான். மறுநாள் காலை கொல்லைக் கதவைத் திறந்து, இடுப்பில் கைவைத்து நின்று, இல்லாத குழந்தையைப் பார்த்துக் கத்தினாள்.

"கோரா வின்னிஃப்ரெட்! இறங்குடி மரத்துலேர்ந்து!"

பக்கத்து வீட்டு நாய் ஓடிப்போயிற்று.

"கோரா பெர்னீஸ்! யாரு அந்த ஜாடியை உடைச்சது?"

வேலிக்கு அந்தப் பக்கமிருந்து பேசில் தலையை நீட்டினான். "நான் உடைக்கலைம்மா."

இதெல்லாம் வெளியே நடந்த சண்டை. உள்ளே ஒரு சண்டை இருந்தது. அதுதான் பெரிது.

ஜேனெலின் புருஷன் டேரில் மேற்கே ஆல்பெர்ட்டாவில் எண்ணெய் வயலில் வேலை பார்க்கிறான். மூணு வாரம் அங்கே, ஒரு வாரம் இங்கே. நல்ல பையன். பிறந்து வளர்ந்தது படகில். ஆனால் இங்கே அவனுக்குப் படகும் இல்லை, இறால் பிடிக்க லைசென்ஸும் இல்லை. என்னிடம் இரண்டும் இருக்கிறது. கூடவே ஒரு கெட்ட முழங்காலும் இருக்கிறது. போன சீசனில், கடலில் இறக்குகிற இறால் கூண்டின் கயிறு என் காலைச் சுற்றி இழுத்து, பேசில் மட்டும் பக்கத்தில் இல்லாவிட்டால் நான் இறால்களுக்கு விருந்தாளியாகப் போயிருப்பேன். அன்றிலிருந்து மைர்னாவின் பழைய பல்லவி இன்னும் பலத்தது.

"படகை டேரில்கிட்டக் குடு. அவன் ஊரோட வந்துருவான். பொண்ணு அப்பன் மூஞ்சியைப் பாத்து வளருவா. நீயும் முழுசா இருப்ப."

"இன்னும் ஒரே ஒரு சீசன்."

"அஞ்சு வருஷமா அதே ஒரே ஒரு சீசன்!"

அவள் சொன்னதில் தப்பு இல்லை. அதுதான் எனக்கு எரிச்சல். படகை விட்டு இறங்கினால் நான் யார்? கரையில் காபி குடித்துக்கொண்டு, அந்தக் காலத்தில் காற்று எப்படி அடித்தது என்று சொல்கிற கிழவர்கள் பெஞ்சில் ஒரு இடம் காலியாக இருக்கிறது. அதைப் பார்த்தாலே எனக்கு முதுகு வலிக்கும்.

ஆகவே திட்டம் போட்டேன். என் தலைக்குள்ளிருந்து வந்த திட்டம் என்று எனக்கே நம்ப முடியவில்லை.

ஒரு வியாழக்கிழமை காலை துறைக்குப் போய், படகு ஓட்டுகிற அறையில் உட்கார்ந்து வயர்லெஸ்ஸை எடுத்தேன். பொதுச் சேனலில் இல்லை. நானும் பேசிலும் ரகசியம் பேசுகிற சேனலில்.

"ஷெர்லி மே, ஷெர்லி மே. கேக்குதா?"

"கேக்குது" என்றான் பேசில். "டேய், நீ எனக்குப் பக்கத்துப் படகுல உக்காந்திருக்க. உன் மூஞ்சி தெரியுது. இதுக்கு எதுக்குடா வயர்லெஸ்?"

"பேரு காத்துல எப்படிப் போகுதுன்னு பாக்கணும்டா. காதைத் தீட்டிக்க. கோரா எடித்!"

"முடியறதுக்கு முன்னாடியே முடிஞ்சிருச்சு. கல்லைத் தண்ணியில போட்ட மாதிரி."

"கோரா வின்னிஃப்ரெட்!"

"அதைச் சொல்லி முடிக்கிறதுக்குள்ள படகு முழுகிரும்."

"கோரா பெர்னீஸ்!"

"தொண்டையில முள்ளு."

"கோரா... லொரெய்ன்!"

பேசில் தொப்பியைக் கழற்றினான். "இழுத்துட்டுப் போகுதுடா. அலை வந்து மணல்ல படுக்குற மாதிரி."

எங்கிருந்தோ இன்னொரு குரல் நுழைந்தது. "லொரெய்ன்தான், வெண்டெல்!" இன்னொன்று: "லொரெய்னுக்கு என் ஓட்டு!" ரகசிய சேனலில் பாதித் துறை இருந்தது. எனக்கு உற்சாகம் பிய்த்துக்கொண்டு போயிற்று.

"இப்பக் கேளுங்கடா என் மூளையை. குழந்தைக்கு லொரெய்ன்னு பேரு விழட்டும். சர்ச்சுல எல்லார் முன்னாடியும் எந்திரிச்சு நிப்பேன். 'இது குழந்தை பேரு இருக்கிற படகு, இனிமே படகு குழந்தையோடது'ன்னு சொல்லிருவேன். அப்புறம் மைர்னா எப்படி அதை இன்னொருத்தன்கிட்டக் குடுக்கச் சொல்வா? பேத்தி சொத்துல யாராவது கை வைப்பாங்களா? நான் சாகுற வரைக்கும் கோரா லொரெய்ன்லதான்!"

"மைர்னா காதுல விழுந்தா?"

"வியாழக்கிழமைடா இன்னிக்கு. போர்வை தைக்கிற கூட்டத்துக்கு சர்ச்சுக்குப் போயிருப்பா."

துறை முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன். நான்தான் ரொம்ப நேரம் சிரித்தேன்.

அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போனேன். மீன் சூப்பு. பக்கத்தில் சுடச்சுட பிஸ்கட். ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும் எடுக்கிற கிண்ணத்தில்.

"யோசிச்சுப் பாத்தேன் வெண்டெல்" என்றாள் மைர்னா. "நீ சொல்றதுதான் சரி. லொரெய்னே இருக்கட்டும்."

"என்னது?"

"கோரா லொரெய்ன். கொல்லையில நின்னு கத்திப் பாத்தேன். நல்லாத்தான் போகுது."

மீன் தானாகத் துள்ளிப் படகுக்குள் விழுந்தால் விவரமானவன் சந்தேகப்படுவான். நான் இன்னொரு பிஸ்கட் எடுத்துக்கொண்டேன்.

"சர்ச்சுல பேரை நீயே சொல்லு" என்றாள். "சும்மா பேரை மட்டும் சொல்லிட்டு உக்காராத. தாத்தான்னா நாலு வார்த்தை பேசணும்."

"பேசணுமா?"

"பேசு. மனசுல இருக்கிறதையெல்லாம் பேசு. நீலச் சட்டையை இஸ்திரி போட்டு வைக்கிறேன்."

நாற்பத்தோரு வருஷத்தில் மனசில் இருக்கிறதைப் பேசு என்று அவள் சொன்னது அதுதான் முதல் தடவை. எனக்குக் கண்ணே கலங்கிவிட்டது.

ஞாயிறு வந்தது. மறுநாள் திங்கள்தான் சீசன் திறக்கிற நாள். எல்லாப் படகும் விடியற்காலையில் கூண்டுகளை மலைபோல் ஏற்றிக்கொண்டு ஒன்றாகக் கிளம்பும். அதற்கு முந்தின ஞாயிறு என்றால் எங்கள் சர்ச்சில் நிற்க இடம் இருக்காது. எல்லோருக்கும் கடவுளிடம் வேலை இருக்கும். டேரிலும் மேற்கேயிருந்து வந்திருந்தான். குழந்தையைப் பார்த்துப் பார்த்து, தொடலாமா வேண்டாமா என்று கையைப் பிசைந்துகொண்டிருந்தான். அவன் போன தடவை பார்த்ததற்கு அவள் இரண்டு மடங்கு வளர்ந்திருந்தாள். பேத்தியோ அவனைப் புது ஆள் என்று நினைத்து முகத்தைச் சுளித்தாள். அதை நான் பார்க்காத மாதிரி கூரையைப் பார்த்தேன்.

போதகரம்மா கேட்டார். "இந்தக் குழந்தையின் பெயர் என்ன?"

நான் எழுந்தேன். புயலில் கூப்பிடுகிற குரலில் சொன்னேன்.

"கோரா லொரெய்ன்!"

பின்வரிசையில் யாரோ பழக்க தோஷத்தில் "கேக்குது, சொல்லு" என்றான். சர்ச் சிரித்தது. நான் விடவில்லை.

"இது என் படகோட பேரு. முப்பது வருஷம் என்னைப் பத்திரமாக் கரைக்குக் கொண்டுவந்து சேத்த பேரு. அதனால இன்னியிலேர்ந்து அந்தப் படகு இவளோடது. இவ சொத்து. இவளைக் கேக்காம அதுல யாரும் கை வைக்கக் கூடாது. உங்க எல்லார் முன்னாடியும், கடவுள் முன்னாடியும் சொல்றேன்."

கைதட்டினார்கள். போர்வை தைக்கிற பெண்கள் எல்லோரும் சேர்ந்து, ஒரே நேரத்தில் ஆரம்பித்துத் தட்டினார்கள். அந்தக் கைதட்டலில் கொஞ்சம் ஒத்திகை வாசனை அடித்தது. நான் கண்டுகொள்ளவில்லை.

மைர்னா எழுந்தாள்.

"போதகரம்மா, எனக்கு ஒரு சந்தேகம். சொத்து குழந்தையோடதுன்னா, அவ பெரியவளாகுற வரைக்கும் அதை யாரு பாத்துக்கணும்?"

"பொதுவா அப்பா அம்மாதான் பார்த்துக்குவாங்க" என்றார் போதகரம்மா.

"ஓ! அப்பாவா!" என்று, இப்போதுதான் உலகத்தில் முதல் தடவையாக அதைக் கேள்விப்பட்டவள் மாதிரி மைர்னா உட்கார்ந்தாள்.

நான் இரண்டு கையையும் ஆட்டினேன்.

"இ... இல்ல, நான் சொன்னது, வேற யாரும் கை வைக்கக் கூடாதுன்னு..."

"பெத்த அப்பன் கை வேற கையாடா?" என்றது ஒரு குரல். பேசில். என் உயிர் நண்பன். அவன் பக்கத்தில் ஷெர்லி அவன் விலாவில் முழங்கையை வைத்திருந்தாள்.

டேரில் எழுந்து நின்றான். ஆறடி ஆள். குரல் மட்டும் ஒரு அடிக்குச் சுருங்கிவிட்டது.

"வெண்டெல்... நிஜமாவா சொல்றீங்க? நான் ஊரோட வந்துரலாமா?"

நான் ஜேனெலைப் பார்த்தேன். சின்னப் பிள்ளையில், புயல் ராத்திரி முடிந்து நான் அடுக்களைக் கதவைத் திறந்து உள்ளே வரும்போது ஒரு முகம் வைத்திருப்பாளே, அதே முகம். அந்த முகத்தைப் பார்த்த பிறகு, நான் சொன்னதுக்கு அர்த்தம் வேற என்று எந்த அப்பன் சொல்வான்? புயல்கூடச் சொல்லாது.

"பின்ன?" என்றேன். "வேற என்னத்தைச் சொன்னேன்னு நினைச்ச?"

திங்கட்கிழமை விடிந்தது. சாப்பாட்டு டப்பாவைத் தூக்கிக்கொண்டு கால் தானாகத் துறைக்குப் போயிற்று. ஊரே அங்கே நின்றது. படகில் என் மழைக்கோட்டு தொங்குகிற ஆணியில் டேரிலின் கோட்டு. புத்தம் புதுசு. ஞாயிற்றுக்கிழமை எந்தக் கடை திறந்திருந்தது என்று யோசித்தேன். எந்தக் கடையும் இல்லை. அப்படியென்றால் முன்னாலேயே வாங்கி வைத்திருக்கிறார்கள்! சாப்பாட்டு டப்பாவை அவனிடம் கொடுத்தேன். படகு கிளம்பியது. அதன் பின்பக்கத்தில் எழுதியிருந்த பெயரை இத்தனை வருஷத்தில் கரையிலிருந்து, போகப் போக, நான் பார்த்ததே இல்லை. அழகாகத்தான் இருந்தது.

வீட்டுக்கு வந்தேன். ஜேனெல் தூங்கப் போயிருந்தாள். அடுக்களையில் மைர்னா குழந்தையை என் மடியில் வைத்தாள். எனக்குக் கோபம். அவளே ஆரம்பித்தாள்.

"போன மாசம் ஒரு வியாழக்கிழமை சர்ச் ஹால்ல ஹீட்டர் ரிப்பேரு. குளிரு தாங்கல. அதனால போர்வை தைக்க எல்லாரும் இங்கேயே வந்துட்டாங்க."

"இங்கன்னா... இந்த அடுக்களைக்கா?"

"அந்த வயர்லெஸ்ஸைச் சுத்தித்தான் உக்காந்திருந்தோம். ஷெர்லி சிரிச்சுச் சிரிச்சு ஊசியைக் கையில குத்திக்கிட்டா."

"அது ரகசிய சேனல்!"

"அப்படித்தான் இருவது வருஷமா நீங்க நினைச்சிட்டிருக்கீங்க. நாங்களும் கெடுக்க வேணாம்னு விட்டுட்டோம்."

அப்போது ரொட்டி டப்பாவுக்குப் பக்கத்தில் கரகரத்தது. "வீடு, வீடு. கோரா லொரெய்ன் பேசுறேன். வெண்டெல் இருக்காரா? முதல் கூண்டு வரிசையைக் கடல்மேட்டுக்கு வடக்கால இறக்கவா, தெக்காலயா?"

பேத்தி தலையைத் திருப்பினாள். பெயரைக் கேட்டுத்தான் திரும்பினாள் என்று நான் சத்தியம் செய்வேன். அப்பன் குரலைக் கேட்டு என்று மைர்னா சொல்கிறாள்.

மைர்னா வயர்லெஸ் கைப்பிடியை எடுத்து என் கையில் கொடுத்தாள். முப்பது வருஷம் கரையில், இந்த முனையில் அவள் இருந்தாள். இப்போது நான். "வடக்கால, மகனே" என்றேன். "பாறை முடியற இடத்துல. கயித்தைக் காலுக்குக் கிட்ட விடாத." இவ்வளவு நாளும் இந்த முனையில் உட்காருவது எப்படி இருந்திருக்கும் என்று அப்போதுதான் தெரிந்தது. அவள் கை என் தோளில் இருந்தது.

"நீ ஜெயிச்சுட்ட" என்றேன்.

"நானா? பேரு நீ வெச்சது. பேச்சு நீ பேசினது. சாகுற வரைக்கும் கோரா லொரெய்னை விடமாட்டேன்னு சொன்னதும் நீதான். யாரு விடச் சொன்னா? நல்லா வெச்சுக்க."

மடி சூடாக நனைந்தது. மைர்னா அதற்குள் கோட்டை மாட்டிக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டாள்.

"நான் ஷெர்லி வீட்டுக்குப் போறேன். டயப்பர் மேல் அலமாரியில இருக்கு, கேப்டன்."